பழைய டவர் கணினியில் ஆடும் கார்டுகளை அசையாமல் நிறுத்துவது எப்படி?

பழைய டவர் கேபினட்டைத் திறந்ததும் உள்ளே ஒரு சவுண்ட் கார்டு லொடலொடவென்று ஆடினால், உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஸ்க்ரூவை இறுக்குவது இந்த வேலையில் ஏறக்குறைய கடைசியில் வருகிறது. மதர்போர்டு நிற்கும் உயரம், கார்டின் பின்தகடு (கார்டைக் கேபினட்டின் பின்சுவரோடு ஸ்க்ரூவால் பிடிக்கும் உலோகத் தகடு), கேபினட்டின் பின்சுவர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால்தான் பெரும்பாலான கார்டுகள் ஆடுகின்றன. அந்தப் பொருத்தத்தைச் சரிசெய்யாமல் ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் கார்டின் ஒரு முனை ஸ்லாட்டிலிருந்து (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்) மெல்ல எழும்பிவிடும். ஆடும் கார்டையாவது கண்ணால் பார்க்கலாம். இறுகி, எழும்பி நிற்கும் கார்டு என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டவரில் ஏன் இந்தத் தொல்லை

1981-இல் வந்த ஐபிஎம் பிசியும் அதன் வழிவந்த மேசைக் கணினிகளும் படுக்கைவாட்டுப் பெட்டிகள். மதர்போர்டு அடியில் கிடக்கும், கார்டுகள் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும். கார்டின் எடையே அதை ஸ்லாட்டுக்குள் அழுத்திக்கொண்டிருக்கும். அதே அமைப்பை நிமிர்த்தி டவராக்கியபோது, மதர்போர்டு செங்குத்தாகி, கார்டுகள் அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டன. பின்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ பிடிக்கிறது. முன்பக்கத்து வெளி மூலைக்குப் பிடிமானமே இல்லை. அந்த மூலை கீழே தொங்கத் தொங்க, ஸ்லாட்டின் முன்முனையில் இருக்கும் தொடுமுனைகள் முறுக்கம் தாங்குகின்றன.

போதாக்குறைக்கு வெப்பம் வேறு. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எல்லாம் சூடாகி விரிகின்றன, அணைத்ததும் சுருங்குகின்றன. சாக்கெட்டில் செருகிய சிப்புகள் இப்படியே நாளடைவில் மேலேறி வருவதைப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். சரியாகப் பிடிக்கப்படாத கார்டுக்கும் இதே கதிதான்.

நீளமான கார்டு என்றால் சிக்கல் இன்னும் கூடும். முழுநீள பிசிஐ (ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட் வகைக்குப் பின் வந்த வகை) கார்டு 312 மி.மீ. வரை போகும். 1994-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 மிக நீளமான ஐஎஸ்ஏ கார்டு; அதில் கூடுதல் மெமரிக்கென்று இரண்டு சிம் (SIMM என்ற மெமரிப் பலகை) சாக்கெட்டுகள் வேறு உண்டு. மேலே ஒரு சிறு சேர்ப்புப் பலகையும் ஏறினால் எடை இன்னும் கூடும்.

ஆட்டம்தானா, வேறு கோளாறா?

கார்டு சரியாக உட்காராதபோது அது முழுதாகச் செத்துப்போவதில்லை. பாதி வேலை செய்யும், அதுதான் குழப்பம். 16-பிட் ஐஎஸ்ஏ ஸ்லாட் இரண்டு துண்டாக இருக்கும்: பின்சுவரை ஒட்டி 62 தொடுமுனைகள் கொண்ட பெரிய பகுதி, முன்பக்கம் 36 தொடுமுனைகள் கொண்ட சிறிய பகுதி. மின்சாரம் தரும் முனைகளில் பெரும்பாலானவை பின்சுவர்ப் பக்கம் இருக்கின்றன. ஐஆர்க்யூ 5 (ஐஆர்க்யூ என்பது கார்டு செயலியை அழைக்கும் தடம்), டிஎம்ஏ 1 (டிஎம்ஏ என்பது செயலியைத் தொடாமல் மெமரிக்குத் தரவு போகும் தடம்) ஆகியவையும் பெரிய பகுதியில்தான். ஐஆர்க்யூ 10 முதல் மேலே உள்ளவையும், 16-பிட் டிஎம்ஏ தடங்களும், தரவின் மேல் எட்டு பிட்டுகளும் சிறிய பகுதியில் வருகின்றன.

இது தெரிந்தால் கார்டைத் தொடாமலே பாதி ஊகித்துவிடலாம். சவுண்ட் பிளாஸ்டர் 16 வகைக் கார்டில் பழைய விளையாட்டுகளின் 8-பிட் ஒலி ஒழுங்காகக் கேட்கிறது, டிஎம்ஏ 5 வழியே போகும் 16-பிட் ஒலி மட்டும் இரைச்சலாகிறது அல்லது நின்றுபோகிறது என்றால், கார்டின் முன்முனை எழும்பியிருக்க வாய்ப்பு அதிகம். டிரைவரை மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பதற்கு முன் ஸ்லாட்டைப் பாருங்கள். கார்டு அடியோடு உயிரற்றுக் கிடந்தால் பின்முனையைச் சந்தேகிக்கலாம்.

வீடியோ கார்டு விலகினால் திரை இருண்டே இருக்கும். அவார்டு பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) உள்ள மதர்போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறு பீப்பும் கேட்கும். நெட்வொர்க் கார்டு காலையில் தெரிந்து, கணினி சூடானதும் காணாமல் போவதும் இந்த வகைதான்.

திறப்பதற்கு முன்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கணினியின் பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. 1995-க்குப் பிறகு வந்த ஏடிஎக்ஸ் கணினிகளில் அணைத்த நிலையிலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய ஏடி டவர்களில் ஆபத்து வேறு மாதிரி: முன்பக்கத்து பவர் சுவிட்சுக்குப் பவர் சப்ளையிலிருந்து தடித்த கம்பி ஒன்று போகும், அதில் வருவது நேரடி வீட்டு மின்சாரம். அந்த சுவிட்சின் பின்னால் இருக்கும் உறைகள் காய்ந்து நழுவியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

கேபினட்டின் பூச்சில்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டைத் தொடுங்கள். கம்பளம் விரித்த தரையில் உட்கார்ந்து இந்த வேலை வேண்டாம். எதையும் கழற்றுமுன் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கேபிள்களின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது.

படுக்க வைத்துப் பாருங்கள்

டவரை, மதர்போர்டு அடியில் வருமாறு பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இனி எல்லா வேலையும் இந்த நிலையில்தான். எதையும் கழற்றாமல், கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டின் கீழ்விளிம்பில் உள்ள தங்கநிறத் தொடுமுனைகள் ஸ்லாட்டுக்கு மேலே மெல்லிய பட்டையாகத் தெரியலாம், தவறில்லை. அந்தப் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் கார்டு கோணலாக நிற்கிறது.

இப்போது அந்தக் கார்டின் ஸ்க்ரூவை மட்டும் கழற்றிவிட்டு, கார்டு தானாக எங்கே போகிறது என்று கவனியுங்கள். பின்தகட்டின் மடிந்த தலை கேபினட்டின் படியிலிருந்து (பின்சுவரில் ஸ்க்ரூ போடும் விளிம்பு) மேலே துள்ளினால், இத்தனை நாளும் ஸ்க்ரூ அதை வலுக்கட்டாயமாக இழுத்து வைத்திருந்தது என்று அர்த்தம். பக்கவாட்டில் நகர்ந்து, ஸ்க்ரூ ஓட்டை நேர்கோட்டை விட்டு விலகினால், மதர்போர்டே சற்று இடம் மாறியிருக்கலாம். எதுவும் அசையவில்லையா? உங்கள் கார்டு நல்ல பொருத்தத்தில் இருக்கிறது. முட்டு கொடுக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

கழற்றித் துடைப்பது

கார்டை இரண்டு முனையிலும் பிடித்து நேராக மேலே இழுங்கள். வராவிட்டால் முன்முனை, பின்முனை என மாற்றி மாற்றி, மிகச் சிறிய அளவில் நீளவாக்கில் அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் வில்தகடுகள் விரிந்துவிடும். வீடியோ கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டுகள் பலவற்றின் முன்முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்தால் கொக்கியோ ஸ்லாட்டோ உடையும். விஎல்பி கார்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் தொடர்ச்சியாக இன்னொரு ஸ்லாட்டையும் நிரப்பி உட்காரும் அவற்றைச் செருகவும் பிடுங்கவும் தேவைப்படும் பலம் அளவுக்கு மீறியது. 1992-இன் வேகத்துக்குக் கொடுத்த விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொடுமுனைகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். அழிப்பானால் தேய்ப்பது பழைய பழக்கம். மெல்லிய தங்கப்பூச்சை அது தேய்த்துவிடும் என்பதால், கறை துணியில் வராத இடத்தில் மட்டும், மெதுவாக, மென்மையான அழிப்பானைப் பயன்படுத்துங்கள். துகள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. ஸ்லாட்டை ஊதி, மென்தூரிகையால் தூசியை எடுங்கள். ஸ்லாட்டுகளுக்கு அருகே பீப்பாய் வடிவ பேட்டரி இருந்து, சுற்றிலும் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அரிப்பு ஸ்லாட்டுக்குள் போயிருந்தால் கார்டை எவ்வளவு உறுதியாக நிறுத்தியும் பயனில்லை. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மதர்போர்டின் உயரம்

கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகு, ஸ்லாட்டுகளுக்கு இடையில் பலகையை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல அமுங்கக்கூடாது. அமுங்கினால் அடியில் தாங்கி இல்லை. ஏடி கேபினட்டுகளில் மதர்போர்டை ஒன்றிரண்டு ஸ்க்ரூவும் மற்ற இடங்களில் வெள்ளை பிளாஸ்டிக் தாங்கிகளும்தான் பிடித்திருக்கும். அந்த பிளாஸ்டிக் இத்தனை ஆண்டுகளில் முறுகிப்போய், தொட்டாலே உடையும். உடைந்தவற்றை மாற்றுங்கள். பலகையில் ஓட்டை இருந்து, கேபினட்டில் அதற்கு நேராகத் துளை இல்லாவிட்டால், பிளாஸ்டிக் தாங்கியின் அடிக்கொண்டையைத் தட்டையாக வெட்டிவிட்டு மாட்டுங்கள். அது தகட்டைப் பிடிக்காது, ஆனால் பலகை கீழே வளையாமல் தாங்கும். அந்த இடத்தில் பித்தளைத் தாங்கியை வைத்து ஓட்டையில்லாத பகுதியைத் தொடவிட்டால் ஷார்ட் ஆகிவிடும், கவனம்.

உயரம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி: நேரான பின்தகடு உள்ள ஒரு கார்டைச் செருகி, ஸ்க்ரூ போடாமல், தகட்டின் மடிந்த தலைக்கும் கேபினட்டின் படிக்கும் உள்ள உறவைப் பாருங்கள். கார்டு முழுதாக உட்காருமுன்பே தலை படியில் முட்டினால் மதர்போர்டு தாழ்வாக இருக்கிறது. கார்டு முழுதாக உட்கார்ந்தும் தலைக்கும் படிக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் மதர்போர்டு உயரமாக இருக்கிறது. எல்லா ஸ்லாட்டிலும் இதே நிலை என்றால் தாங்கிகள் வேறு கேபினட்டிலிருந்து வந்தவையாக இருக்கலாம். வெவ்வேறு உயரத் தாங்கிகளைக் கலந்து போட்டிருப்பதும் அடிக்கடி காணக்கிடைக்கும். ஒரே உயரத்தில் முழு செட்டாக மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. ஒரே ஒரு கார்டில் மட்டும் சிக்கல் என்றால் மதர்போர்டைத் தொடாதீர்கள், கோளாறு அந்தக் கார்டின் தகட்டில் இருக்கிறது.

பின்தகட்டை நிமிர்த்துவது

முதலில் தகடு கார்டோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறதா? சில கார்டுகளில் இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் பிடிக்கும். வேறு பலவற்றில் கேபிள் செருகும் கனெக்டரின் இருபுறமும் உள்ள அறுகோண முளைகள்தான் தகட்டையும் பிடிக்கின்றன. மானிட்டர் கேபிளைக் கழற்றும்போது அந்த முளையும் சேர்ந்து கழன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இளகிய முளைதான் பல கார்டுகளின் ஆட்டத்துக்கு மூலம். 5 மி.மீ. நட் டிரைவரால் இறுக்கினால் ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

அடுத்து, தகட்டின் கீழ்நாக்கு. அது கேபினட்டின் பின்சுவருக்கும் மதர்போர்டின் விளிம்புக்கும் இடையே உள்ள பிளவில் இறங்க வேண்டும். நாக்கு வளைந்து பிளவின் விளிம்பில் முட்டினால் கார்டின் பின்முனை இறங்கவே இறங்காது; எவ்வளவு அழுத்தினாலும் பலகைதான் வளையும். நாக்கைக் குறடால் நேராக்குங்கள். கார்டோடு இருக்கும்போதே வளைக்காமல், தகட்டைக் கழற்றி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்துங்கள். கார்டோடு சேர்த்து வளைத்தால் அந்த விசை முழுதும் கனெக்டரின் சால்டர் இணைப்புகளுக்குப் போகும்.

மடிந்த தலை சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். தலைக்கும் படிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி மட்டும் இருந்தால் தகட்டை வளைக்க வேண்டாம். இடைவெளிக்குள் ஒரு மெல்லிய வாஷரை வைத்து, அதன் மேல் தலையை உட்காரவைத்து ஸ்க்ரூவைப் போடுங்கள். இடைவெளியை வாஷர் நிரப்பிவிட்டால் ஸ்க்ரூ கார்டை இழுக்காது. இந்த ஒரு வாஷரை வைக்காமல் இறுக்குவதால்தான் சீசா பலகைபோலப் பின்முனை அழுந்த முன்முனை எழுகிறது.

பிசிஐ கார்டுகளில் இந்த நேர்த்தி இன்னும் முக்கியம். ஐஎஸ்ஏவில் தொடுமுனைகள் 2.54 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன, கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். பிசிஐயில் அது 1.27 மி.மீ. மட்டுமே. 1997-இல் வந்த ஏஜிபியில் தொடுமுனைகள் மேல்வரிசை, கீழ்வரிசை என இரண்டு ஆழத்தில் நெருக்கமாக இருப்பதால், பாதி செருகிய நிலையில் மின்சாரம் கொடுப்பது உண்மையிலேயே ஆபத்து.

திரும்பச் செருகுதல்

நாக்கைப் பிளவில் நுழைத்து, கார்டை ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் சமமாக அழுத்துங்கள். கார்டின் மேல்விளிம்பில் சிப் இல்லாத இடத்தில் பெருவிரல்கள் இருக்கட்டும். பழைய, அதிகம் பயன்படாத ஸ்லாட்டுகள் விறைப்பாக இருக்கும். கார்டை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் இளகிக் கொடுக்கும், தொடுமுனைகளும் தாமாகவே உரசிச் சுத்தமாகும். உட்கார்ந்ததும் தங்கப்பட்டையின் அகலத்தை மறுபடி பாருங்கள்.

ஸ்க்ரூவை இப்போது எடுக்கலாம். ஆனால் எந்த ஸ்க்ரூ? கணினிக்குள் இரண்டு வகை கலந்து கிடக்கும். கேபினட்டின் பின்படிக்குப் பெரும்பாலும் 6-32 என்ற அங்குல அளவு: சுமார் 3.5 மி.மீ. தடிமன், முரட்டு மரை. ஃப்ளாப்பி, சிடி டிரைவ்களுக்கு வருவது எம்3: 3 மி.மீ. தடிமன், நெருக்கமான மரை. 6-32 ஓட்டையில் எம்3 ஸ்க்ரூ பிடிப்பதுபோலப் போக்குக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. ஆடும் கார்டுகளில் கணிசமானவற்றுக்கு இப்படித் தவறான ஸ்க்ரூதான் போடப்பட்டிருக்கும். எம்3 ஓட்டையில் 6-32 ஸ்க்ரூவைத் திணித்தால் மரையே அழியும். சந்தேகமென்றால் இரண்டு ஸ்க்ரூக்களின் மரைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரே வகையென்றால் இடைவெளியின்றிப் பல்லோடு பல் சேரும்.

எல்லாக் கார்டுகளின் ஸ்க்ரூக்களையும் முதலில் விரலால் சுற்றி நிறுத்துங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள், ஒவ்வொரு முறையும் கார்டின் முன்முனையைக் கவனித்தபடி. முன்முனை கொஞ்சம் எழுந்தாலும் நிறுத்திவிட்டு வாஷருக்குத் திரும்புங்கள். விரல் இறுக்கத்துக்கு மேல் ஒரு சிறு திருப்பு போதும். ஸ்க்ரூ பிறகு இளகும் என்று பயந்தால் பல் வைத்த வாஷரைப் போடுங்கள். மரையில் ஊற்றும் ஒட்டுத்திரவம் வேண்டாம். அது சில வகை பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும்.

மரை அழிந்த ஓட்டை என்றால், படிக்கு அடியில் விரல் நுழையும் இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு நட்டை அடியில் பிடித்து ஸ்க்ரூவை அதில் முடுக்குவதே சுலபம். தடித்த ஸ்க்ரூவால் புது மரை போடுவது இரண்டாவது வழி. அதைக் கார்டுகள் எல்லாம் வெளியே இருக்கும்போது, ஓட்டைக்கு அடியில் டேப் ஒட்டி, இரும்புத்தூள் ஒன்றுகூட மதர்போர்டில் விழாமல் செய்ய வேண்டும். ஸ்லாட் மூடிகளை உடைத்தெடுக்கும் வகை மலிவு கேபினட்டுகளில் பின்சுவர்த் தகடே மெலிதாக இருக்கும், அதனால் கார்டு சரியாக இருந்தும் சுவரோடு சேர்ந்து ஆடும். காலி ஸ்லாட்டுகளுக்கெல்லாம் ஸ்க்ரூ போடும் தனி மூடிகளை மாட்டினால் சுவரே கொஞ்சம் விறைப்பாகும்.

முன்முனைக்கு முட்டு

பின்பக்கம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நீளமான கார்டுக்கு இன்னொரு பிடிமானம் தேவை. முழுநீளக் கார்டுகளை எதிர்பார்த்துச் செய்த பழைய கேபினட்டுகளில், முன்பக்க உள்சுவரில் வரிசையாகப் பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக் வழிகாட்டி இருக்கும். கார்டின் முன்விளிம்பு அதில் நுழைந்து நிற்கும். உங்கள் கேபினட்டில் அதை மாட்டும் துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தால், முப்பரிமாண அச்சில் ஒன்று செய்துகொள்ளலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளக ஆரம்பிக்கும், ஆகவே பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் நல்லது.

அச்சு இயந்திரம் இல்லையென்றால் நைலான் டை போதும். கார்டின் முன்மூலையில் பயன்படாத துளை இருந்தால் அதன் வழியே டையைக் கோத்து, மேலே இருக்கும் டிரைவ் கூண்டில் கட்டுங்கள். டவரை நிமிர்த்திய பிறகு, கார்டை மட்டத்துக்குக் கொண்டுவந்து, தொங்கல் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள், மேல்நோக்கி வளையக்கூடாது. துளை இல்லாத கார்டுக்குக் கேபினட்டின் தளத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை அளந்து வெட்டி, சிப்பும் சால்டரும் இல்லாத விளிம்பில் முட்டாக நிறுத்தலாம்.

கைக்குக் கிடைத்ததையெல்லாம் முட்டாக்கிவிடாதீர்கள். சிப்புகளைப் பொதிந்து வரும் கருப்பு நுரை மின்சாரம் கடத்தும். அது ஓடும் கார்டின் அடியில் பட்டால் வம்பு. ரப்பர் வளையம் காலப்போக்கில் உருகி ஒட்டும். சூடான பசையை ஸ்லாட்டின் ஓரத்தில் ஊற்றி ஒட்டுபவர்களும் உண்டு. அடுத்தவர் அதைப் பிரிக்கும்போது கூடவே வேறு ஏதாவது பெயர்ந்து வரும். இக்கால வீடியோ கார்டுகளுக்கு விற்கும் காந்த அடித்தள முட்டுகளை, ஃப்ளாப்பி வட்டுகள் புழங்கும் பெட்டிக்குள் வைக்காமல் இருப்பது நல்லது.

கேபிளின் இழுவையையும் மறக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கும் ஃப்ளாப்பியும் கார்டிலிருந்தே கிளம்பும் 486 செயலிக் காலத்துக் கணினிகளில், விறைத்த ரிப்பன் கேபிள்களே கார்டை நெம்பும். அவற்றை மெதுவாக மடித்து, தளர்வாக விடுங்கள். வெளியே தொங்கும் தடித்த பிரின்டர் கேபிள், மானிட்டர் கேபிள் ஆகியவற்றின் எடையை மேசைக்காலிலோ கேபினட்டின் பின்புறத்திலோ ஒரு கட்டுப் போட்டு இறக்கிவிடுங்கள். 1998-இன் வூடூ 2 (முப்பரிமாணக் காட்சிக்கான) கார்டுகள் இரண்டைச் சேர்த்து ஓட்டுபவர்கள், இரண்டும் ஒரே மட்டத்தில் நின்ற பிறகே நடுவில் வரும் ரிப்பனை மாட்ட வேண்டும். ஒன்று எழும்பியிருந்தால் ரிப்பன் மற்றதையும் இழுக்கும்.

சோதித்துப் பார்ப்பது

பக்கமூடியை மாட்டாமல் டவரை நிமிர்த்தி, தங்கப்பட்டையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு இயக்குங்கள். ஓடும்போது கார்டை அசைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 16-பிட் ஒலி, நெட்வொர்க் என எது தகராறு செய்ததோ அதைப் பயன்படுத்துங்கள். பிறகு அணைத்து, ஆறவிட்டு, மறுபடி இயக்குங்கள். சூடாகிக் குளிர்ந்த பின்னும் சரியாக இருந்தால் மூடியை மாட்டலாம். மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் போடுங்கள், பின்சுவரின் விறைப்பில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

வேறு இடத்துக்கு எடுத்துப்போவதாக இருந்தால், வண்டியில் டவரை மதர்போர்டு அடியில் வருமாறு படுக்க வையுங்கள். பார்சலில் அனுப்புவதென்றால் நீளமான கார்டுகளையும், பெரிய வெப்பத்தகடு உள்ளவற்றையும் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் தனித்தனியாகப் போட்டுவிட்டு, ஸ்க்ரூக்களையும் வாஷர்களையும் எந்தக் கார்டுக்கு உரியவை என்று எழுதிய சிறு பைகளில் கூடவே வையுங்கள்.